முகத்துக்குள் போன ஜெல்லுக்குக் கணக்கு எழுதுவது எப்படி

மார்த்தாண்டத்தில் என் பியூட்டி பார்லரின் மேஜை இழுப்பறையில் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. நீல அட்டை போட்டது வரவு செலவு. சிவப்பு அட்டை போட்டதில் முகங்களின் கணக்கு: யாருக்கு எந்த இடத்தில் என்ன ஊசி போட்டார்கள், எந்த ஆண்டு, எத்தனை மில்லி, பிறகு என்ன ஆனது. நீல நோட்டை மேஜைமேல் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன். சிவப்பு நோட்டைப் பூட்டாமல் எழுந்திருக்க மாட்டேன். அதில் முதல் பக்கம் என்னுடையது.

நான் ஃபில்லர், அதாவது முகத்தின் பள்ளங்களை நிரப்புகிற ஊசி, போடுகிறவள் இல்லை. போடவும் கூடாது, அது மருத்துவரின் வேலை. புருவம் திருத்துவது, ஃபேஷியல், கல்யாணப் பெண் அலங்காரம் இவைதான் என் தொழில். ஆனால் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள், வெளிநாட்டில் நர்சாக இருக்கிறவர்கள், கல்யாணத்துக்கு முன் திருவனந்தபுரம் போய்வந்தவர்கள் என்று ஏற்கெனவே ஊசி போட்ட முகங்கள் என் நாற்காலியில் அடிக்கடி உட்காருகின்றன. கேட்டால், "அது எப்போதோ கரைந்துவிட்டது அக்கா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2014 முதல் 2019 வரை ஷார்ஜாவில் ஒரு சலூனில் வேலை பார்த்தேன். காலை பத்து மணிக்கு நின்றால் இரவு பத்துக்குத்தான் உட்கார முடியும். கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்தது. 2017இல் உடன் வேலை செய்த ஒருத்தி அழைத்துப்போன கிளினிக்கில் இரண்டு பக்கமும் சேர்த்து 1 மில்லி போட்டார்கள். அடுத்த வருடம் இன்னும் 1 மில்லி. ரசீது வாங்கவில்லை, பெட்டியைப் பார்க்கவில்லை, மருந்தின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற நான், கண்ணுக்கடியில் போகிற பொருளைப் பார்க்காமல் படுத்துக்கொண்டேன். "ஒரு வருடத்தில் தானாகக் கரைந்துவிடும்" என்றார்கள். சரி என்று நம்பிவிட்டேன்.

2023ஆம் ஆண்டு கடைவாய்ப் பல் ஒன்றில் சீழ் கட்டியது. பல் சரியான பிறகும், காலையில் எழுந்தால் வலது கண்ணுக்குக் கீழே சின்னத் தலையணை ஒன்று இருக்கும். மத்தியானத்துக்குள் பாதி வடியும். அம்மா பார்த்துவிட்டு, "மக்களே, இரவில் கருவாடு தின்னாதே" என்றாள். நெத்திலிக் கருவாட்டை நிறுத்தினேன். தைராய்டு பார்த்தேன், சிறுநீரகம் பார்த்தேன், இரண்டும் நன்றாக இருந்தன. நான்கு மாதம் அலைந்தபின் நாகர்கோவிலில் ஒரு தோல் மருத்துவர் விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, "இங்கே எப்போது ஊசி போட்டீர்கள்?" என்று கேட்டார். அது ஐந்து வருடத்துக்கு முன் டாக்டர், போய்விட்டது என்றேன். "போய்விட்டது என்று யார் சொன்னது?" என்றார். அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது இரண்டு கண்ணடியிலும் கறுப்புக் குளங்கள் போல அது அப்படியே தேங்கி நின்றது.

போடலாமா வேண்டாமா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. போட்டவர்கள் அடுத்த பத்து வருடம் அந்த முகத்தை எப்படிக் கவனித்துக்கொள்வது என்பதைத்தான் எழுதுகிறேன். ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரி: பொருளின் பெயர்

ஃபில்லர் என்பது ஒரே பொருள் அல்ல. பிற்பாடு எந்தச் சிக்கல் வந்தாலும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி "எது போட்டீர்கள்?" என்பதுதான், விடை தெரியாவிட்டால் பாதி வைத்தியம் அங்கேயே நின்றுவிடும்.

இன்று பெரும்பாலும் போடப்படுவது ஹயலுரானிக் அமில ஜெல். அமெரிக்காவில் இதற்கு 2003இல் அனுமதி கிடைத்தது. அதற்கு முன், 1981 முதல், மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜனை, அதாவது தோலைத் தாங்கி நிற்கும் புரதத்தை, போட்டார்கள். அது மூன்று நான்கு மாதமே நிற்கும், ஒவ்வாமை வருமா என்று முன்கூட்டியே கையில் சோதிக்கவும் வேண்டும். ஹயலுரானிக் அமிலத்துக்கு ஒரு வசதி உண்டு. வேண்டாமென்றால் ஹயலுரானிடேஸ் என்ற நொதியை ஊசியால் செலுத்திக் கரைத்துவிடலாம்.

மற்றவற்றுக்கு அந்த வசதி கிடையாது. கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட் என்பது எலும்பில் இருக்கும் சுண்ணச்சத்தைப் போன்ற நுண்மணிகள். அது எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் வெள்ளையாகத் தெரியும். பல் டாக்டரிடமோ ஸ்கேன் எடுக்கிறவரிடமோ முன்பே சொல்லாவிட்டால் அவர்கள் குழம்பிப்போவார்கள். பாலி லாக்டிக் அமிலம் இடத்தை நிரப்புவதைவிட, உடலைத் தூண்டிப் புதிய கொலாஜனை உண்டாக்கும் பொருள். போட்டபின் ஐந்து நாள், தினம் ஐந்து முறை, ஐந்து நிமிடம் தேய்க்கச் சொல்வது இதற்குத்தான். மற்ற ஃபில்லருக்கு இந்தத் தேய்ப்பைச் செய்துவிடாதீர்கள். பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக் நுண்மணிகள் உள்ளே போனால் போனதுதான். திரவச் சிலிகானை முகத்தில் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பத்து வருடம் கழித்துக்கூட அதைச் சுற்றிக் கட்டி எழும்பும். அறுத்து எடுப்பதும் எளிதல்ல.

ஊசி போடும் அன்று பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பெயர், தொகுதி (பேட்ச்) எண், காலாவதித் தேதி, இறக்குமதி உரிம எண் நான்கையும் போனில் படம் எடுங்கள். நல்ல நிறுவனங்களின் பெட்டிக்குள் ஒட்டிக்கொள்ளும் சீட்டுகள் இருக்கும். ஒன்று கிளினிக் கோப்புக்கு, ஒன்று உங்களுக்கு. கேட்டு வாங்கி நோட்டில் ஒட்டுங்கள். கூடவே மருத்துவரின் பதிவு எண்ணையும் எழுதுங்கள். தமிழ்நாட்டு மருத்துவரானால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவில் அது இருக்க வேண்டும். பழைய ஊசியானால், அந்தக் கிளினிக்குக்கு எழுதிக் கேளுங்கள். என் கிளினிக் இழுத்து மூடப்பட்டிருந்தது. ஆகவே என் பக்கத்தில் முதல் வரி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

கரையும் கணக்கு

ஹயலுரானிக் அமிலம் நம் உடம்பிலேயே ஊறுகிற பொருள். சுமார் 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் 15 கிராம் இருக்கும். அதில் ஏறத்தாழப் பாதி தோலில். உடல் அதில் மூன்றில் ஒரு பங்கை தினமும் உடைத்துப் புதிதாகச் செய்துகொள்கிறது. அப்படியானால் ஊசியில் போட்டது ஒரே வாரத்தில் காணாமல் போக வேண்டுமே? போகாது. குளச்சல் கடற்கரையில் வலை முடிகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தனி நூலைக் கையால் அறுத்துவிடலாம். அதே நூலைக் குறுக்கும் நெடுக்கும் முடிச்சுப் போட்டு வலையாக்கினால் சுறாவைத் தாங்கும். ஃபில்லர் ஜெல்லிலும் அந்த அமிலத்தின் இழைகளை ஒரு வேதிப்பொருளால் குறுக்கே முடிந்திருக்கிறார்கள். உடலின் நொதிகள் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்க வேண்டியிருப்பதால் காலம் பிடிக்கிறது.

6 மாதம், 12 மாதம், 18 மாதம் என்று சொல்லப்படுவது முகத்தில் மாற்றம் தெரியும் காலம். ஜெல் முழுவதும் வெளியேறும் காலம் அது என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், கன்னத்திலும் கண்ணடியிலும் போட்ட ஜெல் பல ஆண்டுகள் கழித்தும் இருந்தது தெரியவந்திருக்கிறது. உதடு ஓயாமல் அசைவதால் அங்கே சீக்கிரம் குறையும். கண்ணடியில் அசைவு குறைவு. அங்கே நெடுநாள் தங்கும். தங்குவது மட்டுமல்ல, அந்த ஜெல் தண்ணீரை இழுக்கும். கண்ணடியில் நிணநீர் வடிகிற பாதை குறுகலானது. அதனால்தான் உப்பு ஏறிய கருவாடு தின்ற மறுநாள் என் தலையணை பெரிதாக இருந்தது. அம்மா சொன்னது பாதி சரிதான்.

இதனால் நோட்டில் செய்ய வேண்டியது ஒன்று. "கரைந்துவிட்டது" என்று எழுதாதீர்கள். "வெளியே தெரியவில்லை" என்று எழுதித் தேதி போடுங்கள். அடுத்த முறை ஊசிக்குப் போகும்போது கூட்டல் கணக்கைக் காட்டுங்கள்: 2017இல் 1 மில்லி, 2018இல் 1 மில்லி, மொத்தம் 2. வருடா வருடம் "கொஞ்சம்" போட்டு, மேலுதட்டுக்கு மேலே மீசை போல ஜெல் ஒதுங்கியும், சிரித்தால் கன்னம் கண்ணை மூடியும் போன முகங்கள் எல்லாம் இந்தக் கூட்டலைப் போடாமல் வந்தவைதான். கல்யாண அலங்காரத்தின்போது அப்படிப்பட்ட உதட்டுக்கு விளிம்பு வரைவது எனக்குப் பெரிய தலைவலி. கோடு நிற்பதற்கு ஓர் ஓரமே இருக்காது.

தோல் தொங்கிப்போகுமா?

நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவரும் கேட்பது இது. என் அம்மச்சி பாம்படம் போட்டவர். காதுத் துளை தோளைத் தொட்டுக்கொண்டு ஆடும். நிலம் வாங்குவதற்காக ஒருநாள் பாம்படத்தைக் கழற்றி விற்றார்கள். தங்கம் போய்விட்டது, காது மட்டும் மேலே ஏறவில்லை. சாகும்வரை அப்படியே தொங்கியது. ஃபில்லர் என்றதும் எனக்கு அந்தக் காதுதான் நினைவுக்கு வரும்.

ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு சிரிஞ்சு 1 மில்லி, ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. அது பாம்படம் ஆகாது. அளவாகப் போட்ட கன்னமோ கண்ணடியோ ஜெல் குறைந்தபின் பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்புகிறது. பழைய முகம் மோசமாகிவிட்டதாகத் தோன்றுவதற்கு இரண்டு காரணங்கள். நிறைந்த முகத்துக்குக் கண் பழகிவிட்டது. அதோடு, நடுவில் போன வருடங்கள் முகத்திலும் போயிருக்கின்றன. ஊசி போட்ட நாளின் படமும் போடுவதற்கு முந்தைய நாளின் படமும் இருந்தால் இந்தச் சண்டையே வராது. ஆனால் உதட்டிலும் கன்னத்திலும் மேலும் மேலும் ஏற்றித் தோலை வருடக்கணக்கில் இழுத்து வைத்தவர்கள், கரைத்தபின் சுருக்கம் தெரிகிறது என்று வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அம்மச்சியின் காதுக்குக் கொஞ்சம் பக்கத்தில் போனவர்கள்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2007இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், வெயிலில் காய்ந்த முதியவர்களின் முன்கைத் தோலில் இந்த ஜெல்லைப் போட்டுப் பார்த்தார்கள். ஜெல் தள்ளியதால் தோலுக்குள் இருக்கும் செல்கள் விறைப்பாக நீண்டு, புதிய கொலாஜன் செய்யத் தொடங்கின. ஆகவே போட்ட இடத்துத் தோல் கொஞ்சம் தடித்து நன்றாக இருப்பதாகச் சிலர் சொல்வது முழுக்கக் கற்பனை இல்லை. இதைப் பிடித்துக்கொண்டு "தோலுக்கு நல்லது" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம், அந்த ஆய்வு முன்கையில் நடந்தது என்று நினைவூட்டுங்கள்.

ஊசியை மட்டும் நம்பி வெயிலை மறந்தவர்களும் உண்டு. கடலோர மாவட்டம் இது. முட்டத்தில் மாலை நான்கு மணிக்குக்கூட வெளிச்சம் பாறையிலும் மணலிலும் பட்டு முகத்துக்கே திரும்பிவரும். கொலாஜனை முதலில் தின்பது புற ஊதாக் கதிர். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்குப் பிழிந்து முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். ஆடிக் காற்றில் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்.

மாதம் ஒரு படம், ஒரு தடவல்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, எழுந்து முகம் கழுவுவதற்கு முன், வடக்குப் பார்த்த ஜன்னல் முன் நின்று படம் எடுங்கள். வீக்கம் காலையில்தான் அதிகமாக இருக்கும். நேராக ஒன்று, இரண்டு பக்கவாட்டில் ஒவ்வொன்று, தாடையைக் கொஞ்சம் தூக்கி ஒன்று, பல் தெரியச் சிரித்து ஒன்று. சிரித்த படம் முக்கியம். அசையாத முகத்தில் தெரியாத கட்டி அசையும்போது தெரியும். போனில் அழகு கூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் படம் எதற்கு? அதே நாள் மாலையில் இன்னொன்று எடுத்து ஒப்பிடுங்கள்.

பிறகு கையைக் கழுவிவிட்டு விரலின் சதைப்பகுதியால் மெதுவாகத் தடவுங்கள், அழுத்தாமல். முடிச்சு தென்பட்டால் அளவை எழுதுங்கள். மில்லிமீட்டரெல்லாம் வேண்டாம், கடுகு, மிளகு, புளியங்கொட்டை போதும். வலிக்கிறதா, சிவந்திருக்கிறதா, சுடுகிறதா, சென்ற மாதத்தைவிடப் பெரிதா என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.

நீல நிறத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தொழிலில் நடக்கும் பெரிய தவறு இங்கேதான். கண்ணடித் தோல் மெல்லியது. அதற்கு மிக அருகில் ஜெல் நின்றால் ஒளி சிதறி வெளியே சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும். வானம் நீலமாகத் தெரிவதற்கு இணையான காரணம்தான். பார்ப்பவர்கள் கருவளையம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆரஞ்சு நிற மறைப்பான் (கன்சீலர்) பூசினால் கொஞ்சம் அடங்கும், போகாது. அடுத்ததாக யாரோ சொல்லும் வெளுப்பு கிரீமை வாங்கிப் பூசுகிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் தோல் இன்னும் மெலிந்து, நீலம் இன்னும் பளிச்சென்று தெரியும். ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். கேட்டால் கிடைக்கிறது என்பது நடைமுறை. ஊசி போட்ட கண்ணடியில் புதிதாகக் கருவளையம் வந்தால் கிரீம் கடைக்குப் போகாமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

வீங்கினால்

போட்ட சில மாதங்களிலோ சில வருடங்களிலோ திடீரென வீங்குவது உண்டு. உடலின் காவல் வேறொரு சண்டைக்காக விழித்துக்கொள்ளும்போது பக்கத்தில் கிடக்கும் ஜெல்லையும் எதிரியாகப் பார்க்கிறது. பல் சீழ், சைனஸ், வைரஸ் காய்ச்சல், தடுப்பூசி எல்லாம் அந்த விழிப்பைக் கொண்டுவரலாம். 2020 டிசம்பரில் மாடர்னா கொரோனா தடுப்பூசிச் சோதனையில் ஃபில்லர் போட்டிருந்த மூன்று பேருக்கு முகமோ உதடோ வீங்கியது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பார்வைக்கு வந்தது. தடுப்பூசியை விட்டுவிட அது காரணமில்லை. மருத்துவரிடம் முன்பே சொல்லக் காரணம். சில வீக்கங்களுக்கு வேர் வேறு: ஜெல்லின் மேல் கிருமிகள் பாசி போலப் படலம் கட்டி, மருந்துக்கு எட்டாமல் ஒளிந்திருக்கும்.

அதனால் காய்ச்சலையும் பல்வலியையும் தடுப்பூசியையும் நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். பல் சுத்தம் செய்வதற்கும் ஃபில்லர் போடுவதற்கும் நடுவில் இரண்டு வாரம் விடுங்கள், எது முதலில் வந்தாலும் சரி.

வீக்கம் வந்தால் செய்யக் கூடாதவை: அமுக்கித் தேய்ப்பது, வெந்நீர் ஒத்தடம், வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு மாத்திரை, மேடு பள்ளத்தைச் சமப்படுத்த இன்னொரு மில்லி. ஃபேஷியலும் வேண்டாம். புதிதாக ஊசி போட்ட முகத்தை நான் இரண்டு வாரம் தொடுவதில்லை, நீராவியும் கிடையாது. சிவந்து சுட்டு வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். வலியில்லாத வீக்கமானால் ஒரு வாரப் படங்களோடு போகலாம். அல்ட்ராசவுண்டில் ஜெல்லைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவரா என்று கேட்டுவிட்டுப் போனால் ஒரு பயணம் மிச்சம்.

காத்திருக்கக் கூடாதது ஒன்று உண்டு. ஊசி போடும்போதோ, அடுத்த சில மணி நேரத்திலோ, ஓரிரு நாளிலோ தோல் வெளுத்தாலும், வலைக்கண் போல ஊதா நிறம் பரவினாலும், வலி கூடிக்கொண்டே போனாலும் ஜெல் இரத்தக் குழாயை அடைத்திருக்கக்கூடும். பார்வை மங்கினால் அது நிமிடக் கணக்கு. மூக்கும் புருவ நடுவும் இதற்கு மிக ஆபத்தான இடங்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். களியக்காவிளையில் நெரிசல் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே ஊசிக்குப் படுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, "ஹயலுரானிடேஸ் இப்போது இங்கே இருக்கிறதா, எத்தனை குப்பி?" என்பதுதான். "வரவழைத்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் எழுந்து பஸ் ஏறுங்கள். வீட்டில் வைத்துப் பாதி விலைக்குப் போடுகிறவர்களிடம் அந்தக் குப்பி இருக்காது.

தேனீயின் கதை

கரைத்துவிடலாம் என்று முடிவானதும் மருத்துவர் ஒவ்வாமைகளைக் கேட்டுக்கொண்டே வந்தார். மருந்து, உணவு, கடைசியில் "தேனீ கொட்டினால் என்ன ஆகும்?" எனக்குச் சிரிப்பு வந்தது. என் அண்ணன் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்திருக்கிறான். ரப்பர் மரம் புதுத் துளிர் விடும் மாதங்களில் பெட்டி நிரம்பி வழியும். நானும் மைனியும் அடை எடுக்கப் போவோம். எங்கள் குடும்பத்தில் கொட்டு வாங்காதவர் யார்? அப்புறம்தான் நினைவு வந்தது. 2009இல் பிடரியில் கொட்டியபோது உடலெல்லாம் தடித்து, மூச்சு இறுகி, என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

தேனீ விஷத்தில் இருக்கும் புரதங்களில் ஹயலுரானிடேஸும் ஒன்று. விஷம் பரவ அதுதான் வழி திறக்கிறது. விஷத்துக்கு உடல் கடுமையாகச் சண்டை போட்டவர்களுக்கு அந்த நொதியை ஊசியில் கொடுத்தால் அதே சண்டை வரலாம். அவர் என்னை ஒவ்வாமை நிபுணரிடம் அனுப்பினார். முன்கையில் சிறு துளி செலுத்திக் காத்திருந்தார்கள், தடிக்கவில்லை. விஷத்தில் வேறு புரதங்களும் உண்டு, என்னைத் தூக்கிப் போட்டது அவற்றில் ஒன்றாக இருக்கலாம். அப்படியும் கிளினிக்கில் செய்யாமல், அட்ரினலின் ஊசி தயாராக இருக்கும் மருத்துவமனையில், இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவையாகக் கரைத்தார்கள். தேன்பெட்டி உள்ள ஊரில் ஃபில்லர் போடுகிற ஒவ்வொருவரும் நோட்டின் முதல் பக்கத்திலேயே தேனீ வரியை எழுத வேண்டும். உடனே கரைத்தாக வேண்டிய நிலை வந்தால் யோசிக்க நேரம் இருக்காது.

"கரைக்கும் மருந்து நம் சொந்தத் தோலையும் கரைத்துவிடும்" என்று பயப்படுகிறார்கள். உடலில் ஊறும் ஹயலுரானிக் அமிலத்தையும் அது உடைக்கத்தான் செய்யும். ஆனால் தினமும் புதிதாகச் செய்துகொள்கிற உடல் அதைச் சீக்கிரம் ஈடுகட்டிவிடும். கரைத்த மறுநாள் வீங்கியிருந்தேன். ஒரு வாரத்தில் தலையணை போனது, பள்ளம் வந்தது. கண்ணடியில் மெல்லிய கோடுகள் இருந்தன. கண்ணாடியில் நின்றது 2017இல் போனவள் அல்ல, அவளைவிட ஆறு வயது கூடியவள். மறுபடி போடுவதானால் இரண்டு வாரமாவது பொறுத்து, வீக்கம் முழுவதும் அடங்கியபின் என்றார்கள். நான் போடவில்லை. நன்றாகத் தூங்குகிறேன், மறைப்பான் பூசுகிறேன், சில நாள் பூசுவதில்லை.

கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுகிறவர்களும் இதைத் தள்ளிப்போட வேண்டும். அவர்களிடம் சோதித்துப் பார்த்த பொருள் இல்லை. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் சொல்லிவிட்டுப் படுக்க வேண்டும். ஊசிக்காக அதைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.

என் பக்கத்தில் கடைசியாக எழுதியது இப்படி இருக்கிறது: "ஐப்பசி முதல் ஞாயிறு, மழை, ஜன்னல் வெளிச்சம் போதவில்லை, மதியம் எடுத்த படம். வலது கண்ணடி சுத்தம். இடது கண்ணடியில் கடுகளவு முடிச்சு, வலி இல்லை, மூன்று மாதமாக அதே அளவு. பல் வேர் சிகிச்சை 14ஆம் தேதி. பல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அண்ணன் தேன் கொண்டுவந்தான், பெட்டிப் பக்கம் நான் போகவில்லை."